ரூட்டை உள்ளே விடலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பழைய மாணவன் ஒருவன் பிடித்துக்கொண்டான். சேலத்தில் வேலை. லேப்டாப்பில் புதிதாக டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறான்.

"சார், மெஷின் என்னோடது. காசு நான் குடுத்தது. ரூட்னு பேர் போட்டு பாஸ்வேர்டும் சரியாத்தான் அடிக்கிறேன். லாகின் திரையிலேயே வெளிய தள்ளுது. இது என்ன சார் நியாயம்?"

பதில் சொல்ல ஆரம்பிக்கும்போதே பஸ் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ரூட் என்றால் கணினியின் முழு அதிகாரி. எந்தக் கோப்பையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் கணினி ஒருவருடைய சொத்தல்ல. ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்தார்கள். ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, ஆனால் பழுது பார்க்க ஒருவராவது எல்லா இடத்துக்கும் போக முடிய வேண்டும். அதற்குத்தான் ரூட்.

எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்டோர் சாவி ஒரு இடத்தில் இருக்கும். ரைட்டர் வாங்கிப் போய்த் திறந்து, உர மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டி, சாவியைத் திருப்பி வைத்துவிடுவார். 'சு' என்ற கட்டளை அப்படித்தான்: கொஞ்ச நேரம் ரூட்டாக இருந்துவிட்டுத் திரும்பி வருவது. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட 'சுடோ' இன்னும் ஒரு படி மேலே போனது. இன்னாருக்கு இந்த வேலைக்கு மட்டும் சாவி என்று சொல்ல முடிந்தது.

சிக்கல் படத்திரை வந்த பிறகுதான். டெர்மினலில் ரூட்டாக ஒரு கட்டளை அடித்தால் அந்த ஒரு வேலைதான் ரூட்டின் பலத்தோடு நடக்கும். டெஸ்க்டாப்புக்குள் ரூட்டாக நுழைந்தால் நீங்கள் கேட்காமலே பத்து இருபது நிரல்கள் கிளம்பும். ஃபோல்டரைத் திறந்ததும் போட்டோவின் சின்னப் படத்தைக் காட்டுகிற நிரல் உட்பட எல்லாமே ரூட். அதில் ஒரு ஓட்டை இருந்து, யாரோ அனுப்பிய கெட்ட படம் ஒன்று அதன் வழியாகப் புகுந்தால், முழு இயந்திரமும் அவன் கையில். பிரவுசரைத் திறந்து ஊர் சுற்றினால் கேட்கவே வேண்டாம்.

இதை உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுக் கணினிக்காரர்கள் பெரும்பாலும் அட்மினாகவே இருந்தார்கள். அதே காலத்தில் வந்த லிண்டோஸ் என்ற லினக்ஸும் எளிமை என்று சொல்லி ரூட்டாகவே ஓடவிட்டுத் திட்டு வாங்கியது. 2004-இல் உபுண்டு ரூட் கணக்கையே பூட்டி சுடோவைக் கையில் கொடுத்தது. 2008-இல் ஃபெடோரா 10 படத்திரை வழியாக ரூட் நுழைவதை நிறுத்தியது. ஹேக்கிங் பயிலும் பிள்ளைகளுக்குப் பழக்கமான காளி லினக்ஸ்கூட 2020 ஜனவரியில் சாதாரணப் பயனருக்கு மாறிவிட்டது. பப்பி லினக்ஸ் போன்ற ஒன்றிரண்டு இன்றும் பிடிவாதமாக ரூட்தான்.

நம் மாநிலத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் தலைமையில் இருந்தபோது சூசே லினக்ஸ் பக்கம் திரும்பியதும், பின்னால் அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததும் பலருக்கு நினைவிருக்கும். என் அனுபவம் அரசு வழியில் வந்ததல்ல. எங்கள் பள்ளிக்கு நன்கொடையாக நான்கு பழைய கணினிகள் வந்தன. தெரிந்த பையன் ஒருவன் சூசே போட்டுக் கொடுத்து, ரூட் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதித் தந்தான்.

அந்தக் காலத்து சூசேயில் ரூட்டாக உள்ளே போகலாம். போனால் திரை முழுக்கச் சிவப்பு, அதில் வெடிகுண்டுப் படங்கள். எனக்கு அது எச்சரிக்கையாகத் தெரியவில்லை, பெருமையாக இருந்தது! தினமும் அப்படியே போனேன். ஒருநாள் மதிய மணி அடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள், ஒன்பதாம் வகுப்புப் பையன் 'யுஎஸ்ஆர்' என்ற ஃபோல்டரை, யாரோ 'யூசர்' என்பதைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிக் குப்பையில் போட்டிருந்தான். நிரல்கள் குடியிருக்கும் இடமே அதுதான். கணினி மறுபடி எழவில்லை. பையனைத் திட்டினேன். இன்றும் உறுத்துகிறது. திட்டு வாங்க வேண்டியவன் நான்.

கதை அதோடு முடியவில்லை. சரிசெய்ய வந்தவன் பாஸ்வேர்டை மாற்றி, சொல்லாமலே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய்விட்டான். அடுத்த மாதம் பிரிண்டர் வாங்கினோம். போட முடியவில்லை. காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளைக் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தோம்.

இந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பெரிய மனிதர் ஒருவர் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன். சில யூனிக்ஸ்களில் 'வீல்' என்ற குழுவில் பெயர் இல்லாவிட்டால், பாஸ்வேர்ட் தெரிந்தாலும் ரூட்டாக மாற முடியாது. தன் ஜி.என்.யூ. 'சு'வில் அதைச் சேர்க்க அவர் மறுத்தார். சிலர் பாஸ்வேர்டை மாற்றி ரகசியமாக வைத்துக்கொண்டு அதிகாரத்தைப் பிடித்த கதையை அதன் கையேட்டிலேயே காரணமாக எழுதி வைத்தார். நான் அதைப் படித்தபோது பிரிண்டர்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே தம்பி, படத்திரை வாசல் மூடியிருப்பது சரி என்பது என் கட்சி. உன்னை ஏமாற்றுவதற்கான பூட்டு அல்ல அது. பாஸ்வேர்ட் உன்னிடம்தான் இருக்கிறது, டெர்மினலில் எந்நேரமும் ரூட் ஆகலாம். சாவி வேறு ஒருவன் சட்டைப்பையில் இருந்தால்தான் நீ சண்டை போட வேண்டும். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: இந்தப் பூட்டு சிஸ்டத்தைத்தான் காக்கும். உன் கல்யாணப் போட்டோக்கள் உன் பெயரில்தான் இருக்கின்றன. அவற்றை அழிக்க ரூட்டே தேவையில்லை.

அப்படியும் திறந்தே ஆக வேண்டும் என்றால், ஜி.டி.எம். லாகினுக்கான பாம் கோப்பில் ரூட்டைத் தடுக்கும் வரி ஒன்றே ஒன்றுதான். எது என்று சொல்கிறேன். முதலில் அந்தப் போட்டோக்களை வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டுப் போன் செய். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். அதற்கு முன்னால் தோட்டத்தில் இருப்பேன், சிக்னல் கிடைக்காது.