தொலைவிலிருந்து நாடி பார்த்தல்

சர்வர் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் தோன்றுகிறவர், உணவு விடுதியில் இட்டலி பரிமாறுகிற அன்பர்தாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் போன்றோருக்கு அச்சொல் ஒரு சோதனை. ஆயினும் கருத்து ஒன்றே. கேட்போர்க்குக் கேட்டதைக் கொணர்ந்து கொடுக்கும் கணிப்பொறிக்கும் இன்று அப்பெயரே வழங்குகிறது. ரயிலில் இடம் பதிவு செய்வதும், ஊரிலுள்ள பெற்றோருக்கு நாம் பணம் அனுப்புவதும் இப்பொறிகளைக் கொண்டே நடைபெறுகின்றன.

இவை உறங்கலாகாது. நள்ளிரவில் ஒன்று நின்றுவிட்டால், முற்காலத்தில் பொறுப்பாளர் நேரில் ஓடிச் சென்று விசையை அழுத்தியாக வேண்டும். பொறிகள் நூற்றுக்கணக்காகப் பெருகி, வேறு வேறு நகரங்களிலும் அமைந்த பின்னர் இது இயலாததாயிற்று.

1995ஆம் ஆண்டில் ஏ.எம்.டி., ஹியூலட் பக்கார்டு ஆகிய கம்பெனிகள் ஒரு வழி கண்டன. 255 என்னும் எண்ணை 6 முறையும், உரிய பொறியின் முகவரியை 16 முறையும் கொண்ட சிறு செய்தியை அனுப்பினால், துளி மின்சாரத்தில் விழித்திருக்கும் இணைப்பு அட்டை தன் முகவரியை அறிந்து பொறியை எழுப்பிவிடும். ஆனால் இது துயிலெழுப்பும் குரல் மட்டுமே. எழுந்ததா, நலமாயிருக்கிறதா என்பதற்கு மறுமொழி கிடையாது.

அக்குறையை நீக்க முனைந்தது, 1998இல் இன்டெல், ஹியூலட் பக்கார்டு, என்.இ.சி., டெல் ஆகிய நான்கு கம்பெனிகள் ஒன்றுகூடி வெளியிட்ட ஐ.பி.எம்.ஐ. என்னும் பொது விதிமுறை. தாய்ப்பலகையில் தனியே ஒரு சிறு கணிப்பொறியைப் பதித்து வைப்பதே இதன் அடிப்படை. பெரிய பொறி அணைந்து கிடந்தாலும், மின்கம்பியில் மின்சாரம் உள்ளவரை சிறியது விழித்திருக்கும். வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறியின் சுழற்சி ஆகியவற்றை வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அளந்து, எல்லை மீறினால் குறித்து வைக்கும்; ஆணையிட்டால் மின்சாரத்தை நிறுத்தும், மீண்டும் கொடுக்கும். 2001இல் வந்த திருத்தம் இவ்வாணைகளை வலைப்பின்னல் வழியே அனுப்ப இடந்தந்தது. 2004இன் இரண்டாம் பதிப்பு அவற்றை மறைமொழியில் அனுப்பவும் வகை செய்தது.

இங்கேதான் ஒரு பெரும் கேள்வி எழுகிறது. உறங்காத காவற்காரன் பகைவன் சொற்படி நடந்தால் என்னாவது? பெரிய பொறிக்கு எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை. மின்விசையே பிறன் கையில் இருக்கும். 2013இல் டான் பார்மர் என்னும் ஆய்வாளர் இம்முறையின் பலவீனங்களை விளக்கினார். அவ்வாண்டே அமெரிக்க அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பும் எச்சரிக்கை விடுத்தது. வந்தவர் யாரென மெய்ப்பிக்கும் முன்னரே, கடவுச்சொல்லை உருமாற்றிய குறியீட்டைச் சிறு பொறி தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது! அதைக் கொண்டுபோய், எளிய கடவுச்சொல்லாயின், ஓய்வாக அமர்ந்து கண்டுபிடித்துவிடலாம். இக்குறை ஒரு கம்பெனியின் பிழையன்று. 2004இன் விதிமுறையிலேயே அமைந்தது. ஆகவே சிறு பொறிக்குத் தனி வலைப்பின்னல் அமைத்து, உலகுக்குத் திறந்து வைக்காமல் காக்க வேண்டும் என்றும், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும் என்றும் வல்லுநர்கள் வற்புறுத்தினர். 2015இல் ரெட்பிஷ் என்னும் புதிய விதிமுறை, பாதுகாப்பான இணைய வழிமுறைகளைத் தழுவி வெளிவந்தது.

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நமக்கு இவ்வரலாறு அன்னியமானதன்று. ஊரில் வீட்டைப் பூட்டி, சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம்? தொலைவிலிருந்து நலம் கேட்கலாம், விளக்கேற்றச் சொல்லலாம். ஆனால் அந்த வசதி முழுவதும், சாவி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததே.