இறந்தவர் மீதான குற்றத் தீர்ப்பு

குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும் முன்பே இறந்துவிட்டால் அவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா? சட்டம் தரும் விடை ஒன்று, ஊர் தரும் விடை வேறு. இந்தியச் சட்டப்படி சாவோடு வழக்கு ‘அற்றுப்போகிறது’. ஊர் வாயில் பல வழக்குகள் அதன் பிறகுதான் தொடங்குகின்றன.

செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இப்படியொரு வழக்கைக் கேட்காமல் திரும்புவதில்லை. 1698இல் முகலாயர் இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து பிடித்தபின், ஔரங்கசீப்பின் ஆட்சியில் இது புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கின் பொறுப்புக்கு வந்தது. அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங், அதாவது தேசிங்கு ராஜா, புந்தேல்கண்டிலிருந்து வந்து கோட்டையை ஏற்றார். ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கானுக்கு அவர்மீது இரண்டு புகார்கள்: டெல்லியின் புது சனது (அதிகாரப் பத்திரம்) இல்லாமல் கோட்டையில் உட்கார்ந்தது, தகப்பன் காலத்து வரிப்பாக்கியைக் கட்ட மறுத்தது. தகப்பனுக்குக் கொடுத்தது மகனுக்குத் தானாக வருமா, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் தீர்க்க வேண்டிய சங்கதிகள். தீர்ந்ததோ போர்க்களத்தில். 1714 அக்டோபரில் தேசிங்கு மாண்டார். நவாப் தரப்புக்கு அவர் அடங்காத கலகக்காரர். தேசிங்கு ராஜன் கதை பாடியவர்களிடம் அதே வரிப்பாக்கி மானப் பிரச்சினையாக மாறி, அவர் வீரராகிவிட்டார். இரண்டு தீர்ப்பிலும் அவருடைய வாக்குமூலம் இல்லை. கோட்டையில் செட்டிக்குளக் கரையில் அவர் உடலை எரித்ததாகச் சொல்லும் மேடையை இன்றும் காட்டுகிறார்கள். உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பதும், பெயர் வைத்தவர் சதத்துல்லா கானே என்பதும் வழிவழியாக வரும் செய்தி.

செத்தவரையே கூண்டில் ஏற்றியதும் உண்டு. 897இல் ரோமில் போப் ஃபார்மோசஸின் பிணத்தைத் தோண்டியெடுத்து நாற்காலியில் உட்காரவைத்து விசாரித்தார்கள். காவலில் 2009இல் இறந்த செர்கேய் மாக்னிட்ஸ்கியை 2013இல் மாஸ்கோ நீதிமன்றம் வரி ஏய்ப்புக் குற்றவாளி என்றது. இறந்தவருக்குச் சாதகமான மறுவிசாரணையும் நடந்திருக்கிறது: 1431இல் எரிக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் தண்டனை 25 ஆண்டு கழித்து ரத்தானது.

இந்தியாவில் 2024 வரை நடைமுறையில் இருந்த 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394ஆம் பிரிவு இதைப் பேசியது. விடுதலையை எதிர்த்து அரசு செய்த மேல்முறையீடு, குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் அற்றுப்போகும். தண்டனை பெற்றவர் செய்த மேல்முறையீடும் அப்படியே. ஆனால் மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ பெற்று, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இறந்தவரின் நெருங்கிய உறவினர் 30 நாளுக்குள் விண்ணப்பித்து, அனுமதி பெற்று அதைத் தொடரலாம். அபராதத்துக்கு எதிரான மேல்முறையீடு அற்றுப்போவதில்லை. பணம் சொத்திலிருந்து வசூலாகக் கூடியது. இந்தப் பிரிவில் ஒரு வினோதம் இருந்தது. தண்டனை பெற்றபின் இறந்தவரின் பெயரைத் துடைக்க அது வழி வைத்திருந்தது; வெறும் சந்தேகத்தோடு இறந்தவருக்கு எந்த வழியும் சொல்லவில்லை.

இந்த விதியின் முடிச்சுகள் எல்லாம் ஒரே இடத்தில் தெரிந்தது தமிழ்நாட்டின் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கில். 2014 செப்டம்பர் 27இல் பெங்களூரு தனி நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டில் வாதம் முடிந்து, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தபோது, 2016 டிசம்பர் 5இல் அவர் காலமானார். சாகும்போது அவர் விடுதலையானவர். 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம், அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது என்றது. உடன் குற்றம் சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவருக்கும் தண்டனையை உறுதி செய்தது. மூவர் செய்த கூட்டுச்சதியை அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. தீர்ப்பின் பக்கங்களில் அவர் இருக்கிறார், தண்டனைப் பட்டியலில் இல்லை.

பிறகு வந்த வழக்குகள் இந்த இடைவெளிக்குள்தான் நடந்தன. மெரினாவில் அவருக்கான நினைவிடத்தைத் தடுக்கக் கோரிய மனுவை 2019 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு அற்றுப்போனதால் அவரைக் குற்றவாளி எனச் சொல்ல முடியாது என்றது. பறிமுதலான நகைகளையும் சொத்துகளையும் அண்ணன் பிள்ளைகள் கேட்டபோது, வழக்கு அற்றுப்போனது விடுதலை ஆகாது என்று 2025 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்தது. அடுத்த மாதமே நகைகள் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அவர் குற்றவாளியும் அல்ல, விடுவிக்கப்பட்டவரும் அல்ல. சட்டம் அறிந்தே வைத்திருக்கும் நிலை இது. தேர்தல் மேடைகளில் அதற்கு இடமில்லை.

விசாரணைக்கு முன்பே இறந்தவர்களின் நிலைக்கு ராஜீவ் காந்தி கொலை வழக்கு ஓர் உதாரணம். அதில் 41 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் அப்போதே இறந்திருந்தார்கள். 1991 ஆகஸ்ட் 20இல் பெங்களூரு அருகே கோணனகுண்டேயில் இறந்த சிவராசன் அவர்களில் ஒருவர். விசாரணையைச் சந்தித்தவர்கள் 26 பேர். அனைவருக்கும் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998இல் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயிரோடு இருந்ததால் அவர்களுக்கு மேல்முறையீடு கிடைத்தது.

சிக்கல் மிகக் கூர்மையாவது ‘என்கவுன்டர்’ சாவுகளில். 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அதிகாலையில் சந்தேகத்துக்குரிய நால்வரைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. மக்கள் காவலர்கள்மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள், நால்வரில் மூவர் சிறார் என்று அது முடிவு சொன்னது. காவலர் 10 பேர்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. ஆணையத்தின் விசாரணை துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது. அந்த மருத்துவரைக் கொன்றது யார் என்ற வழக்கில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியவர்கள் நால்வரும் இறந்திருந்தார்கள்.