சென்மப் பாவம்: பிறப்பால் வந்ததா, விருப்பால் வந்ததா?



யூபிலி ஆண்டு வந்தால் கோவிலின் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். முற்காலத்தில் பிள்ளை பிறந்த சில நாள்களிலேயே பெற்றோர் அதைக் கோவிலுக்குத் தூக்கி வந்தார்கள். ஏன் அந்த அவசரம்? பேச்சு வராத, நடை பழகாத பச்சிளங் குழந்தை என்ன பாவம் செய்தது?

இன்னொரு கேள்வியும் உண்டு. "சாமி, என் பிள்ளை ஞானஸ்நானம் பெறாமலே கண்ணை மூடிவிட்டதே, அது இப்போது எங்கே இருக்கும்?" குருக்களாகிய நம்மிடம் தாய்மார் கண்ணீரோடு கேட்கும் கேள்வி இது. சென்மப் பாவத்தைப் பற்றிய விவாதம் ஏட்டில் மட்டும் நடந்ததன்று. தாயின் மடியைத் தொட்ட விவாதம் அது. 1,600 ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் அது பெரும் வழக்காகவே எழுந்தது. அவ்வரலாற்றை இம்மலரில் சற்றே சிந்திப்போம்.

கண்டிப்பான ஒரு துறவி

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவிலிருந்து பெலாஜியுஸ் என்னும் துறவி உரோமைக்கு வந்தார். அரசே கிறிஸ்தவ மறையைத் தழுவிவிட்ட காலம் அது. பெயருக்குக் கிறிஸ்தவர்களாய் இருந்தோர் பலர். "மனிதன் பலவீனன், என்ன செய்வான்?" என்ற சாக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. முடியாத ஒன்றைக் கடவுள் கட்டளையிடுவாரோ? நன்மையைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றலை அவர் நமக்குத் தந்திருக்கிறார். பாவம் செய்கிறவன் தன் விருப்பத்தால் செய்கிறான். ஆதாம் நமக்குக் காட்டியது கெட்ட முன்மாதிரி மட்டுமே. இதுவே அவருடைய போதனை. அவர் ஒழுக்கங்கெட்டவர் அல்லர், ஒழுக்கத்துக்காக வாதாடியவர். இதை நாம் மறக்கலாகாது.

410ஆம் ஆண்டு அலாரிக் என்பவனின் தலைமையில் கோத்தியர் உரோமையைச் சூறையாடினர். அகதிகளாய் ஆப்பிரிக்கக் கரை சேர்ந்தவர்களுள் பெலாஜியுசும் அவருடைய தோழர் செலஸ்தியுசும் இருந்தனர். பெலாஜியுஸ் விரைவில் பாலஸ்தீன நாட்டுக்குச் சென்றார். செலஸ்தியுஸ் கார்த்தேஜ் நகரிலே தங்கிக் குருப்பட்டம் கேட்டார். அங்கே 411ஆம் ஆண்டில் மிலான் நகரத் திருத்தொண்டர் பவுலீனுஸ் அவர்மேல் குற்றம் சாட்டினார். பிறக்கும் குழந்தை பாவம் செய்யுமுன் ஆதாம் இருந்த நிலையிலேயே இருக்கிறது என்று அவர் போதிப்பதாக வழக்கு. குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்பதைச் செலஸ்தியுஸ் மறுக்கவில்லை. பாவம் வழிவழியாய் வருகிறது என்பது இன்னும் முடிவாகாத கேள்வி என்றார். சபை அவரைக் கண்டித்தது.

அகுஸ்தினாரின் பதில்

அப்போது இப்போ நகரின் ஆயராய் இருந்தவர் புனித அகுஸ்தினார். சிறுவயதில் வயிற்று நோயால் சாகுந்தறுவாயில் கிடந்தபோது அவரே ஞானஸ்நானம் கேட்டார். நோய் தணிந்ததும் அது தள்ளிவைக்கப்பட்டது. பிறகு அவர் நடந்த வழிகளை நாம் அறிவோம். தமது 32ஆம் வயதில், 387ஆம் ஆண்டுப் பாஸ்கா இரவில், தம் மகன் அதேயோதாத்துசுடன் சேர்ந்து புனித அம்புரோசின் கையால் அவர் திருமுழுக்குப் பெற்றார். நன்மையை அறிந்தும் அதைச் செய்ய இயலாமல் தவித்தவர் அவர். ஆகவே விருப்பம் ஒன்றே போதும் என்ற பேச்சை அவரால் ஏற்க முடியவில்லை. விருப்பமே நோயுற்றிருக்கிறது; அதைக் குணமாக்க அருள் வேண்டும் என்றார்.

நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு ஓடிவரும் தாயை அவர் எடுத்துக்காட்டினார். குழந்தைக்கு மீட்பர் தேவையில்லை என்றால் அந்தத் தாய் ஏன் ஓட வேண்டும்? ஆதாமில் அனைவரும் வீழ்ந்தோம், கிறிஸ்துவில் எழுகிறோம் என்று பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை அவர் ஆதாரமாய்க் கொண்டார். அவர் படித்த இலத்தீன் மொழிபெயர்ப்பு, எல்லாரும் ஆதாமுக்குள் இருந்தே பாவம் செய்ததாகப் பொருள்பட அமைந்திருந்தது. மூல கிரேக்கமோ, எல்லாரும் பாவம் செய்ததால் சாவு பரவியது என்று பொருள் தரும் என்பது இன்றைய மறைநூல் அறிஞர் பலரின் கருத்து.

எதிர்த் தரப்பினர் விடவில்லை. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினர் போதித்தாரே என்றனர். 415இல் பாலஸ்தீனத்தின் தியோஸ்போலிஸ் நகரில் கூடிய 14 ஆயர்கள் பெலாஜியுசைக் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். 417இல் திருத்தந்தை முதலாம் இன்னொசென்ட் கண்டித்தார். அவருக்குப் பின் வந்த திருத்தந்தை சோசிமுஸ் அதே ஆண்டில் இரக்கங் காட்டினார். 418ஆம் ஆண்டு மே முதல் நாள் கார்த்தேஜில் 200க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடித் தீர்ப்பு வழங்கினர். சோசிமுசும் பின்னர் அதை உறுதிசெய்தார். ஒரு காலத்தில் ஒரே நகரில் இருந்தும், அகுஸ்தினாரும் பெலாஜியுசும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை என்பது வருத்தமே.

திருச்சபை எதை ஏற்றது?

அகுஸ்தினார் வென்றார். ஆனால் அவர் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் திருச்சபையின் விசுவாசமாகிவிடவில்லை. திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் மிக இலேசான தண்டனையேனும் அடைவர் என்றார் அவர். 13ஆம் நூற்றாண்டில் அக்குவினோ தோமையார் போன்றோர், அக்குழந்தைகள் துன்பமின்றி லிம்போ என்னும் நிலையில் இருப்பர் என்று மென்மையாக்கினர். 1546இல் திரிதெந்து பொதுச்சங்கம், சென்மப் பாவம் முன்மாதிரியால் அன்று, பிறப்பால் வருகிறது என்று அறுதியிட்டது. திருமுழுக்குக்குப் பின்னும் நம்மில் எஞ்சும் தீய நாட்டம் தன்னிலே பாவமன்று என்றும் அதே சங்கம் விளக்கியது.

அப்படியானால் நாம் பெற்றுக்கொண்டது என்ன? பாட்டன் நிலத்தை அடகு வைத்து இழந்துவிட்டால், பேரன் நிலமில்லாதவனாகவே பிறக்கிறான். அவனை யாரும் விலங்கிட்டுச் சிறைக்கு இழுப்பதில்லை, குற்றம் அவனுடையதன்று. ஆனால் இழப்பு அவனுடையது. 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிப்பதும் இதுவே: சென்மப் பாவம் நாம் செய்த செயலன்று, நாம் பிறந்த நிலை, ஆதாமின் பிள்ளைகள் எவருக்கும் அது சொந்தக் குற்றமன்று. சொந்தக் குற்றமோ நம் விருப்பத்தால் வருவது. "பிறவிக் குணம், என்ன செய்ய?" என்று அதற்குச் சாக்குச் சொல்ல இயலாது. இந்த இடத்தில் பெலாஜியுசின் கண்டிப்பு நமக்கும் உறைக்க வேண்டும். இந்நிலையில் பிறப்பதில் ஏழை பணக்காரன், மேல்சாதி கீழ்சாதி என்ற வேறுபாடு இல்லை என்பதையும் கவனியுங்கள். பிறப்பைக் காட்டிப் பெருமை பேச எவருக்கும் இடமில்லை.

அந்தத் தாய்க்கு

1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் திருமுழுக்குப் பெறாதோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. அதனால் எத்தனையோ சின்னஞ்சிறு உடல்கள் மந்திரித்த மண்ணுக்கு வெளியே வைக்கப்பட்டன. பெற்றோர் பட்ட வேதனை கொஞ்சமன்று. 1983ஆம் ஆண்டின் சட்டமோ, பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த குழந்தைக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்த வழிசெய்தது. 2007இல் அனைத்துலக இறையியல் ஆணையம், லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை என்றும், இக்குழந்தைகள் மீட்படைவர் என நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றும் கூறியது. அறுதியான அறிவு என்று அது கூறவில்லை; நம்பிக்கை என்றே கூறியது. திருமுழுக்கைத் தாமதிக்க அது அனுமதியும் அன்று.

ஆகவே, தாயே, உம் பிள்ளை செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டிப்பவர் அல்லர் நம் கடவுள். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னவர் அவர். அவர் கையில் அதை ஒப்படைப்போம். உயிரோடிருக்கும் பிள்ளைகளைக் காலந் தாழ்த்தாமல் தொட்டியண்டை கொண்டுவருவோம். தொட்டியில் பெற்ற அருளை நம் விருப்பத்தால் இழந்துவிடாமல் காப்போம். யூபிலி ஆண்டில் நாம் ஆண்டவருக்குச் செலுத்தக்கூடிய காணிக்கை இதுவே.