மாப்பிள்ளை ஏன் காசிக்குக் கிளம்பினார்?

கல்யாண மண்டபத்து வாசல். பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மையிட்டு, கையில் விசிறியும் கைத்தடியுமாக, புதுக்குடையின் கீழே... மாப்பிள்ளை காசிக்குக் கிளம்பிவிட்டார்! நாலு அடிகூடத் தாண்டவில்லை, பெண்ணின் அப்பா தேங்காயும் கையுமாக வந்து மறிக்கிறார். ‘‘காசிக்கெல்லாம் அப்புறம் போகலாம் மாப்பிள்ளை... என் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கோங்கோ!’’

‘‘மாமா, கெட்டியா பிடிச்சுக்கோங்கோ. நிஜமாவே போயிடப் போறான்!’’ என்று நண்பர்கள் கலாட்டா பண்ணுவார்கள். வீடியோக்காரருக்காக மாப்பிள்ளை இன்னொரு தடவை கிளம்புவதும் உண்டு!

விளையாட்டாகத் தெரிகிற இந்தச் சடங்கு, இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலான ஒரு விவாதத்தை ஞாபகப்படுத்துகிறது. படிப்பை முடித்த பையன் அடுத்து எங்கே போக வேண்டும்? வீட்டுக்கா, காட்டுக்கா?

பிரம்மச்சரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம். ஏணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நாலு படி என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால், ஆரம்பத்தில் அது ஏணி இல்லை, நாற்சந்தி! பழைய தர்மசூத்திரங்களை அலசிய பேட்ரிக் ஒலிவெல் என்ற அறிஞர், 1993-ல் வெளியான தன் ஆய்வு நூலில் இதைத்தான் விளக்கினார். குருகுலம் முடித்தவன் நாலு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆயுசு முழுக்க அதிலேயே இருக்கலாம் என்பதுதான் முதல் திட்டம். ‘அதெல்லாம் கிடையாது, இல்லறம் ஒன்றே சரியான வழி’ என்று கௌதமர் போன்றவர்கள் எதிர்வாதம் செய்தார்கள். பிற்பாடு வந்த மனுஸ்மிருதிதான் சமரசம் பண்ணி வைத்தது. கல்யாணம் பண்ணிக்கொள், குடும்பம் நடத்து. தலை நரைத்து, பேரனைப் பார்த்த பிறகு காட்டுக்குப் போ!

சமரசம் சரி. ஆனால், அந்த ஏணி யாருக்குப் போடப்பட்டது? மேல் மூன்று வர்ணத்து ஆண்களுக்குத்தான். உழைக்கிற ஜனங்களுக்கு அதில் படியே இல்லை. மனைவி? காட்டுக்குப் போகிறவன் அவளைப் பிள்ளைகளிடம் விட்டுப் போகலாம், அல்லது கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறது மனு. ‘அம்மா, நீ என்ன சொல்றே?’ என்று அவளை யாரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் தீர்த்த யாத்திரை வருகிறது. மகாபாரதத்தின் வன பர்வத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. யாகம் செய்ய ஏகப்பட்ட பொருள் வேண்டும், ஆள் வேண்டும். அது ராஜாக்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான் கட்டுப்படியாகும். ஏழைக்கு? நடந்து போய்ப் புண்ணிய நதியில் மூழ்கி எழுந்தால் போதும், யாகத்தைவிட அது உசத்தி என்கிறது அந்தப் பகுதி. ஆண், பெண், எந்த வர்ணம் என்ற கணக்கெல்லாம் இல்லை. கால் இருந்தால் போதும்!

ஆனால், அந்தக் கால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. யாத்திரீகர்களிடம் வரி வாங்கிய அரசுகள் உண்டு. காசியில் துருக்க ஆட்சியாளர்கள் விதித்த வரியைக் கட்ட முடியாமல் ஜனங்கள் திண்டாடியபோது, ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மன் 1279-ல் ஹெப்பாளே என்ற கிராமத்தின் வருமானத்தையே அதற்காக எழுதிவைத்தான். தன் நாட்டவர்களுக்கு மட்டுமல்ல, பிற நாட்டவர்களுக்கும் சேர்த்து! 1563-ல் அக்பர் யாத்திரை வரியை ரத்து செய்தார். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியும் பிரயாகை, கயா, புரியில் காசு கறந்தது. 1840-ல்தான் அதை நிறுத்தினார்கள்.

கம்பெனி வரி அமலில் இருந்த காலத்தில் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டவர் ஏனுகுல வீராசாமி. சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளர். 1830 மே 18-ம் தேதி, ஏறக்குறைய நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார். திருப்பதி, ஸ்ரீசைலம், ஹைதராபாத், நாக்பூர், பிரயாகை, காசி, கயா, கல்கத்தா, புரி என்று சுற்றிவிட்டு வீடு திரும்பியது 1831 செப்டம்பர் 3-ம் தேதி. பதினைந்தரை மாதம்! வழியெல்லாம் பார்த்ததைத் தெலுங்கில் எழுதி நண்பருக்கு அனுப்பியிருந்தார். அது 1838-ல் ‘காசி யாத்திர சரித்ர’ என்று புத்தகமாக வந்தபோது வீராசாமி உயிரோடு இல்லை.

அவர் சந்நியாசி அல்ல. ஆனால், அந்தப் பதினைந்தரை மாதம் உத்தியோகமும் வீடும் அவருக்குப் பின்னால்தான் இருந்தன. யாத்திரை என்பதே அதுதான். சம்சாரி கொஞ்ச காலத்துக்குத் துறவியாக இருந்து பார்ப்பது. கயாவில் ரொம்பப் பிடித்த ஒரு காயை, ஒரு பழத்தை விட்டுவிட்டு வருகிறார்களே, அதுவும் குடும்பஸ்தனின் குட்டித் துறவுதான். எல்லாவற்றையும் விட முடியாது. ஒரு வாழைக்காயையாவது விடலாமே!

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. இன்று ராமேஸ்வரத்தில் ரயில் ஏறினால் இரண்டு மூன்று நாளில் காசி. ‘இனி திரும்புவானோ, மாட்டானோ’ என்று ஊர் எல்லை வரை வந்து கண்ணீரோடு வழியனுப்பிய காலம் போய்விட்டது. வானப்பிரஸ்தமும் போயிற்று. இப்போது அறுபது வயதில் பென்ஷன் வரும், பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகும் வேலை வரும்.

ஆனாலும், காசிக்குப் போன பாட்டி ஒரு காரியம் செய்தாள். வாய் அடைத்த சின்னச் செம்பில் கங்கைத் தண்ணீர் கொண்டுவந்து பூஜை அலமாரியில் வைத்தாள். வீட்டில் யாருக்காவது கடைசி மூச்சு இழுக்கும்போதுதான் அதன் வாயைத் திறப்பார்கள். ‘‘சீக்கிரம்... ரெண்டு சொட்டு வாயில விடுங்கோ!’’

எந்த ஏணியிலும் இடம் கிடைக்காத அந்தப் பாட்டி கொண்டுவந்த தண்ணீர்தான், ஒரு காலத்தில் குடை பிடித்துக் கிளம்பிய மாப்பிள்ளைக்கும் கடைசியில் காசி.