சிறுவாடு

வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்தது, மோரும் முட்டையும் வரட்டியும் விற்றுச் சேர்த்தது என்று பெண்கள் தம் கைக்காசாக ஒதுக்கி வைக்கும் சிறுதொகைதான் சிறுவாடு. கோபம் பேச்சில் கோவமாவது போல, சிறுபாடு சிறுவாடாயிற்று.

சேமிப்பு என்றால் வீட்டாருக்கெல்லாம் தெரிந்த பணம். சிறுவாடோ பெண்ணுக்கு மட்டுமே உரியது. அரிசிப் பானைக்குள், அஞ்சறைப்பெட்டியின் அடியில், பழம்புடவை மடிப்பில் இருக்கும். பிள்ளையின் பள்ளிக்கட்டணமோ திடீர் வைத்தியச் செலவோ வந்தால்தான் வெளியே வரும். சொந்த வருமானமில்லாத பெண்ணுக்கு அதுவே பெருந்துணை.

2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டது. மாற்றியாக வேண்டிய நெருக்கடியில், கணவருக்கும் தெரியாதிருந்த சிறுவாடு பல வீடுகளில் அம்பலமானது.