முற்றுப்புள்ளியை எங்கே வைப்பது?

(தோட்ட வரலாற்றை எழுதுவது குறித்துத் தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



கோலா பிலா பட்டணத்துக்குப் போனவர்கள் அங்கே ஒரு நினைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். மார்ட்டின் லிஸ்டர் என்ற வெள்ளைக்கார அதிகாரிக்காக அவ்வட்டாரச் சீனர்கள் எழுப்பியது. அவர் நெகிரி செம்பிலானின் முதல் ரெசிடெண்டாக இருந்து 1897-ல் காலமானவர். அவர் யார், எப்போது இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் இன்றைக்கும் உடனே பதில் கிடைக்கிறது. அதே பட்டணத்தைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் மரம் வெட்டிய நம் பாட்டனைப் பற்றி இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். "ரொம்பக் கஷ்டப்பட்டாங்க" என்ற ஒரே பதில்தான் வரும்.

அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நாம் நின்று விடுகிறோம். தமிழ்ப்பள்ளி பொன்விழா மலரை எடுங்கள், கோயில் கும்பாபிஷேக மலரை எடுங்கள். முதல் கட்டுரை பெரும்பாலும் கடல் கடந்து வந்து காட்டை அழித்த முன்னோரில் தொடங்கும். அடுத்த பக்கத்திலேயே நிர்வாகக் குழுவினரின் படங்கள் வந்துவிடும். இடையில் இருக்க வேண்டிய எழுபது, எண்பது ஆண்டுகள் எங்கே போயின?

அவை தொலைந்ததற்கு இரண்டு காரணங்கள் என்று நினைக்கிறேன். ஒன்று, நாம் கேட்கும் கேள்வி மிகப் பெரியது. இன்னொன்று, கிடைத்த பதிலை எழுதும்போது எங்கே நிறுத்துவது என்று நமக்குத் தெரியவில்லை. இந்த இரண்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

கேள்விக்கும் ஒரு வேலி வேண்டும்

'மலேசியத் தோட்டத் தமிழர் வரலாறு' என்று தலைப்பு வைக்கிற மாணவர்களைப் பார்க்கிறேன். அது தலைப்பு, கேள்வி ஆகாது. அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆயுள் போதாது. 'கோலா பிலா தோட்டத் தமிழர்' என்று சுருக்கினாலும் இன்னும் கேள்வி பிறக்கவில்லை, இடம்தான் குறுகியிருக்கிறது.

நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசிஸ், 1951 முதல் 1960 வரை மலாயாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதை மட்டும் எடுத்து ஆராய்ந்தார். தோட்டத்தைப் பற்றிய எல்லாவற்றையும் அவர் கேட்கவில்லை. பத்து ஆண்டு, ஒரே நிகழ்வு. துண்டாடலால் வேலையும் வீடும் இழந்தவர்களுக்காக 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் உங்கு அசிஸின் ஆய்வைத் தேடிப் போகிறார்கள். வேலி போட்ட நிலத்தில்தான் பயிர் நிற்கும்.

சரி, நமக்கு ஒரு கேள்வியை உருவாக்கிப் பார்ப்போம். நான் குடியுரிமையை எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் சிவப்பு ஐசி இன்னும் சில குடும்பங்களில் ஆறாத புண்ணாக இருக்கிறது.

நாடு சுதந்திரம் அடைந்தது 1957 ஆகஸ்டு 31. இங்கே பிறக்காவிட்டாலும், நெடுநாள் குடியிருந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மலாய்மொழி அறிவு வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு. பிறகு 1968-ல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றாகி, 1969 முதல் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ரஜூலா கப்பலை வழியனுப்பி வைத்த கண்ணீரைப் பலர் இன்னும் சொல்வார்கள்.

இப்போது முதல் கேள்வியை எழுதுகிறேன்: "தோட்டத் தமிழர்கள் ஏன் குடியுரிமை வாங்கவில்லை?" இதில் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் என்று எதுவும் இல்லை. கொஞ்சம் திருத்துவோம்: "1957 செப்டம்பர் முதல் 1958 ஆகஸ்டு வரை, கோலா பிலா மாவட்டத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் சிலர் ஏன் விண்ணப்பிக்கவில்லை?" இப்போது காலம் வந்துவிட்டது, இடம் வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இடம் என்றதும் ஒரு எச்சரிக்கை. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய காகிதத்தைத் தேடாதீர்கள். பகாவும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களும் இன்று ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த மாவட்டம் பிரிந்தது 1980-ல்தான். அதற்கு முன் அவை கோலா பிலா மாவட்டம். கெடிஸ் தோட்டத்துக்காரர், ஜெராம் பாடாங் தோட்டத்துக்காரர் தம் பாட்டன் கதையைத் தேடினால் கோலா பிலா என்ற தலைப்பின் கீழ்தான் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, கம்பெனிக் காகிதத்தில் உள்ள பெயர் வேறொன்று என்பதையும் மறக்காதீர்கள்.

'ஏன்' என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு

நேயர்களே, நாம் திருத்திய கேள்வியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. "ஏன் விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்ட உடனே குற்றவாளிக் கூண்டில் தொழிலாளி ஏறிவிடுகிறார். "படிப்பறிவு இல்லை", "ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று இருந்தார்கள்" என்ற பதில்கள் தயாராக நிற்கின்றன. கேள்வியே பதிலைப் பாதி எழுதிவிட்டது.

அதே காலம், அதே இடம். கேள்வியை மட்டும் திருப்பிப் போடுகிறேன்: "அந்த ஓராண்டில் விண்ணப்பப் பாரம் தோட்டத்துக்குள் எந்த வழியாக வந்தது? அதை யார் எழுதிக் கொடுத்தார்கள்?" இப்போது கிராணி வருகிறார், தமிழ்ப்பள்ளி வாத்தியார் வருகிறார், தொழிற்சங்கத் தலைவர் வருகிறார். பட்டணத்துக்கும் தோட்டத்துக்கும் உள்ள தூரம் வருகிறது. ஒரு நாள் பெரட்டுக்குப் போகாமல் அலுவலகம் போனால் அன்றைய சம்பளம் போகுமே, அந்தக் கணக்கும் வருகிறது. பதில் எப்படி வேண்டுமானாலும் அமையலாம். உண்மையில் தொழிலாளியே வேண்டாம் என்று இருந்திருக்கலாம். தவறாகப் போகவும் இடம் கொடுப்பதுதான் நல்ல கேள்வி.

இந்தக் கேள்விக்கு எங்கே போவது? தோட்டத்துச் செக்ரோல் இருந்தால் யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை என்று காட்டும். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பிறந்த இடத்தைச் சொல்லும். 1924-ல் தொடங்கி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களில் அந்த ஓராண்டைப் புரட்டலாம். தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமான சாட்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். 1957-ல் இருபது வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். காப்பகம் அடுத்த ஆண்டும் திறந்திருக்கும். அவரிடம் இந்த மாதமே போங்கள்.

ஒரு புள்ளி நகர்ந்தால்

போனோம், பதிவு செய்தோம், எழுத உட்கார்ந்தோம். இங்கேதான் இரண்டாவது சிக்கல்.

நம் முன்னோர் ஓலைச்சுவடியில் புள்ளியும் போடவில்லை, சொற்களுக்கு இடையில் இடமும் விடவில்லை. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே ஒரு கருத்து முடிகிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முதன்மையானவர். பிரிக்கிறவன் பொருளையும் தீர்மானிக்கிறான் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பேச்சும் ஓலைச்சுவடி மாதிரிதான். அதில் புள்ளி கிடையாது. ஒரு பாட்டி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"கிராணி பாரம் கொடுத்தாரு அப்பா வாங்கலே பெரட்டுக்கு நேரமாச்சு ஓடிட்டாரு அதோட போச்சு"

இதை ஒருவர் எழுதுகிறார்: "கிராணி பாரம் கொடுத்தாரு. அப்பா வாங்கலே. பெரட்டுக்கு நேரமாச்சு, ஓடிட்டாரு." இன்னொருவர் எழுதுகிறார்: "கிராணி பாரம் கொடுத்தாரு. அப்பா வாங்கலே, பெரட்டுக்கு நேரமாச்சு. ஓடிட்டாரு." சொல் ஒன்றும் மாறவில்லை. முதலாவதில் அப்பா பாரத்தை மறுத்தவர். இரண்டாவதில் நேரமில்லாததால் வாங்காமல் போனவர். ஒரு மனிதர் தம் நாட்டுரிமையை உதறினாரா, அல்லது பெரட்டு மணி அவரை இழுத்துக்கொண்டு போயிற்றா? அதை நம் பேனா முனைப் புள்ளி தீர்மானித்துவிட்டது!

தமிழில் இன்னொரு நுட்பம் உண்டு. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோம். 'பெய்து' என்ற எச்சத்துக்குள் 'பெய்த பிறகு' என்பதும் இருக்கிறது, 'பெய்ததால்' என்பதும் இருக்கிறது. "தோட்டம் வித்துப்போயி நாங்க சிரம்பானுக்கு வந்து" என்று ஒருவர் சொன்னால், விற்ற பிறகு வந்தாரா, விற்றதால் வந்தாரா? 'தோட்டம் விற்கப்பட்டது. நாங்கள் சிரம்பானுக்கு வந்தோம்' என்று இரண்டாக வெட்டினால் தொடர்பு அறுந்துபோகும். 'விற்கப்பட்டதால் வந்தோம்' என்று எழுதினால், அவர் சொல்லாத காரணத்தை நாம் அவர் வாயில் வைத்தவர்கள் ஆவோம்.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில், சொன்னதைச் சொன்னபடி ஒரு பிரதி எழுதி வையுங்கள். எங்கே மூச்சு விட்டார், எங்கே நிறுத்தினார் என்று சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த மூச்சுதான் முற்றுப்புள்ளி.

அடுத்து, சந்தேகம் வந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். "பாட்டி, நேரமானதால்தான் அப்பா வாங்கவில்லையா?" என்று கேட்டால் அவர் தலையாட்டிவிடுவார். நம் வீட்டுப் பெரியவர்கள் வந்த பிள்ளையை ஏமாற்ற மாட்டார்கள். "அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். உண்மை தானாக வரும்.

திரும்பக் கேட்க வழியில்லை என்றால் எச்சத்தை எச்சமாகவே விட்டுவிடுங்கள். "தோட்டம் விற்றுப்போய், அவர்கள் சிரம்பானுக்கு வந்தார்கள்" என்று எழுதலாம். தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் நேர்மையான வாசல் அது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. சாட்சி சொன்னது ஒரு வாக்கியம், நீங்கள் ஊகித்தது வேறொரு வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் கட்டாயம் ஒரு முற்றுப்புள்ளி வேண்டும். "அறியாமையால் விண்ணப்பிக்காத என் பாட்டனார் 1970-ல் ஊர் திரும்பினார்" என்று எழுதினால், நாட்டை விட்டுப் போனது நிகழ்ச்சி. அறியாமை உங்கள் கருத்து. ஒரே வாக்கியத்தில் கட்டினால் கருத்தும் நிகழ்ச்சியாகிவிடும். மூன்று தலைமுறை கழித்து அது மலரிலும் பாடப்புத்தகத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அரங்கில் எழுந்த கேள்வி

உரை முடிந்ததும் ஆசிரியை ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் தாத்தா காலமாகிவிட்டார். ஒலிப்பதிவு இல்லை. அம்மா சொல்லக் கேட்டதுதான் இருக்கிறது. அதை வரலாறு என்று எழுதலாமா?" என்று கேட்டார்.

தாராளமாக எழுதலாம் அம்மா. ஆனால் யார் சொல்ல யார் கேட்டது என்பதை முதலில் எழுதுங்கள். "தாத்தா சொன்னதாக என் தாயார் இன்ன ஆண்டில் என்னிடம் சொன்னார்." இந்த ஒரு வாக்கியம் முழுதாக இருந்தால், பின்னால் வருகிறவர் எவ்வளவு நம்பலாம் என்று தாமே எடை போட்டுக்கொள்வார். கேட்டவர் பெயரும் ஆண்டும் இல்லாத செய்தி, முகவரி இல்லாத கடிதம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு தாளை எடுங்கள். உங்கள் தோட்டம், ஓர் ஆண்டு, ஒரு குடும்பம். இவை மூன்றும் அடங்கிய ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். ஒரு பெரியவரிடம் போய்க் கேளுங்கள். அவர் பேசி முடிக்கும் வரை பேனாவை மூடி வைத்திருங்கள். நம் பாட்டனுக்கு யாரும் வளைவு கட்டவில்லை. அவரைப் பற்றிய நான்கு வாக்கியமாவது சரியான இடத்தில் முடியட்டும்.