பரணில் கிடக்கும் பட்டாளத்துச் சாமான்கள்



பரணையும் தோட்டத்து ஏலக்காய் ஸ்டோரையும் ஒதுங்க வைக்கும்போது, என்னவென்றே தெரியாத பித்தளை, இரும்புச் சாமான்கள் சில வெளியே வரும். படம் எடுத்து அனுப்பி, "சார், இது என்ன?" என்று கேட்கிறீர்கள். அவற்றில் சில, பட்டாளத்துக்காரர்கள் களத்தில் பயன்படுத்தியவை. தனித்தனியாகச் சொன்னதை இன்று எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சண்டையே நடக்காத நம் மலைக்கு ராணுவச் சாமான் எப்படி வந்தது? முதலில் வந்தவர்கள் நிலம் அளக்க வந்தார்கள். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களை அளந்த வார்டும் கானரும் மதராஸ் ராணுவத்து லெப்டினன்ட்கள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏலமலையும் அவர்கள் அளந்த நாட்டில் அடக்கம். பிறகு இரண்டாம் உலகப் போர். 1928இல் வந்த நம் மதுரை - போடி ரயில் பாதையின் தண்டவாளங்களையே அந்தப் போருக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்ததும், ராணுவத்துக்கு மிஞ்சிய ஜீப்பும் கேனும் கூடாரமும் ஏலத்தில் விற்கப்பட்டு ஊர் ஊராகப் பரவின.

ஒரு பொருள் கிடைத்தால் முதலில் முத்திரையைத் தேடுங்கள். மூன்று கோடுகள் ஒரு முனையில் சேரும் அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசின் சொத்தாக இருந்தது. இந்திய ராணுவப் பொருள்களில் பெரும்பாலும் அம்புடன் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், அரசே அதை விற்றுவிட்டது என்று பொருள். தாத்தா எங்கிருந்தோ தூக்கி வந்துவிட்டாரோ என்று கவலைப்பட வேண்டாம்!

அடுத்து, அந்தப் பொருளில் எது தேவையில்லாததுபோல் தெரிகிறது என்று பாருங்கள். அதன் வேலை அங்கேதான் இருக்கும்.

பழைய இரும்புக் கேனுக்கு ஒரு கைப்பிடி போதுமே, எதற்கு மூன்று? 1930களின் கடைசியில் ஜெர்மானியர்கள் தங்கள் ராணுவத்துக்காகச் செய்த 20 லிட்டர் கேன் அது. ஒருவர் தூக்க நடுப்பிடி. இருவர் சேர்ந்து தூக்க ஓரப்பிடிகள். காலிக் கேன்கள் என்றால் ஒரே கையில் இரண்டு. அதன் அருமை தெரிந்து பிரிட்டிஷாரும் அப்படியே செய்துகொண்டார்கள். ஜெர்மானியச் சிப்பாயை அவர்கள் 'ஜெர்ரி' என்பார்கள். அதனால்தான் அது ஜெர்ரி கேன்.

நம் மாணவர் ஒருவர், "தாத்தாவின் சவரக் கண்ணாடி, நடுவில் ரசம் போய்விட்டது" என்று ஒரு வட்டக் கண்ணாடியின் படம் அனுப்பினார். ரசம் போகவில்லை, செய்யும்போதே நடுவில் ஒரு பொட்டு அளவு பூசாமல் விட்டிருக்கிறார்கள். அதன் பெயர் ஹீலியோகிராப். 1869இல் கராச்சியில் தந்தித் துறையில் இருந்த ஹென்றி மான்ஸ் உருவாக்கியது. அந்தப் பொட்டு வழியாகப் பார்த்து எதிர் மலைக்குக் குறிவைத்து, சாவியைத் தட்டினால் கண்ணாடி லேசாகச் சாயும். வெயில் பளிச்சிட்டும் மறைந்தும் மோர்ஸ் எழுத்துகளாகப் போய்ச் சேரும். வானம் தெளிவாக இருந்தால் 5 அங்குலக் கண்ணாடியின் ஒளி சுமார் 50 மைல் தெரியும். கம்பி வேண்டாம், பேட்டரி வேண்டாம். வெயில் மட்டும் வேண்டும். மேகம் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

மூன்றாவதில்தான் ஆபத்து இருக்கிறது. மூடியில் சின்னக் கண்ணாடிச் சன்னலும், அதன் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கோடும், பக்கத்தில் ஒரு பட்டகமும் உள்ள பித்தளைத் திசைகாட்டி. கோட்டைத் தூரத்து மலையுச்சியோடு பொருத்திக்கொண்டே, பட்டகம் வழியாகப் பாகையைப் படிக்கலாம். இருட்டிலும் தெரிவதற்காக இவற்றில் பலவற்றுக்கு ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். இப்போது அது மின்னாது. ஒளிவிடும் துத்தநாக சல்பைடுதான் கெட்டுப்போனது. ரேடியம் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். ஆகவே திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். குண்டு, தோட்டா போன்ற எதையாவது கண்டால் தொடவே வேண்டாம், போலீசுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். புளி போட்டுத் துலக்கினால் பித்தளை பளபளக்கும், முத்திரை தேய்ந்து போகும். காயலான் கடையில் எடைக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு ரூபாய். முத்திரையைப் படம் எடுத்துவிட்டு, வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, பட்டாளத்தில் இருந்தாரா, ஏலத்தில் எடுத்தாரா? பொருளின் பெயரை எந்தப் புத்தகத்திலும் தேடிக்கொள்ளலாம். அது நம் வீட்டுக்கு வந்த கதை அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.